தருமபுரிக் கல்லும், தண்ணீரும், பல்லும்

"கேட்டதும் நம்ப முடியாத, ஆனால் முழுக்க உண்மையான அறிவியல் தகவல்களைச் சொல்லுங்கள்" என்பது கேள்வி.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், வெள்ளிக் கோளில் ஒரு சுழற்சி முடிவதற்குள் அங்கே ஓர் ஆண்டே முடிந்துவிடும் என்பதெல்லாம் எனக்கும் பிடித்த செய்திகள்தான். ஆனால் நான் பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன். இத்தனை வருடத்தில் ஒன்று தெரிந்துகொண்டேன், பையன்களும் பெண்களும் வாயைப் பிளந்து கேட்பது தங்கள் ஊரிலேயே கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய விஷயத்தைச் சொல்லும்போதுதான். அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களை விட்டு வெளியே போகாமல் இந்தப் பதிலை எழுதப் பார்க்கிறேன். கல்லில் ஆரம்பித்துப் பல்லில் முடியும், கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

பெங்களூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால், ஓசூர் தாண்டியதும் இரண்டு பக்கமும் மொட்டைப் பாறைகள் வரத் தொடங்குவதைப் பார்க்கலாம். சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி, அப்புறம் தொப்பூர் கணவாய். நமக்கு அது தினசரி சாலை. நிலவியல் படிக்கிறவர்களுக்கு அது பூமியின் மேலோட்டுக்குள் இறங்கிப் போகும் சாய்வுப் பாதை! சமதரையில்தானே பஸ் ஓடுகிறது, எங்கே இறங்குகிறது என்று கேட்பீர்கள். ஒரு கட்டு நோட்டுகளை மேசையில் சரித்து வைத்து, மேல்பக்கத்தை ஒரே மட்டமாகச் சீவிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருந்த நோட்டின் விளிம்பும் இப்போது மேலே தெரியும், இல்லையா? தென்னிந்தியாவின் இந்தப் பகுதி அப்படித்தான் சரிந்து, மேலே தேய்ந்து கிடக்கிறது. வடக்கே கர்நாடகத்தில் தெரிவது மேலோட்டின் மேலடுக்குகள், தெற்கே வர வர மேலும் மேலும் ஆழத்தில் உருவான பாறை வெளியே வந்து நிற்கிறது. கிருஷ்ணகிரியை ஒட்டித்தான் ஒரு முக்கியமான எல்லை வருகிறது. அதற்கு வடக்கே உள்ள பாறைகளில், தண்ணீரைத் தம் அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கும் கனிமங்கள் பிழைத்திருக்கின்றன, தெற்கே போகப் போக 700 டிகிரிக்கு மேல் வெந்து அந்தத் தண்ணீரை இழந்து வேறு கனிமமாக மாறிய பாறை வந்துவிடுகிறது. எண்ணெய் தடவியதுபோலப் பச்சையும் பழுப்பும் கலந்து மினுக்கும் கருங்கல், நம் பக்கம் ஜல்லியாக உடைத்து ரோட்டில் கொட்டுவார்களே, அதுதான் அது. அந்தக் கல் உருவான ஆழம் 20 கிலோமீட்டருக்கும் மேல்.

அப்படியானால் அதற்கு மேலே இருந்த 20 கிலோமீட்டர் பாறை எங்கே போனது? மழையும் ஆறும் காற்றும் பல கோடி ஆண்டுகளாகக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டன. ஒகேனக்கல்லில் பரிசலில் இருந்து ஆட்கள் இறங்க இறங்கப் பரிசல் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். மேலோடும் அதே மாதிரிதான், அடியில் இருக்கும் கனமான பாறையின் மேல் மிதக்கிறது, மேலே பாரம் குறையக் குறைய அடிப்பகுதி எழும்பி வருகிறது. ஆட்டுக்காரர் வெயிலுக்கு ஒதுங்கி உட்காரும் பாறை ஒரு காலத்தில் ஒரு மலைத்தொடரின் அடிவயிறாக இருந்திருக்கிறது.

இந்தக் கல்லுக்குப் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை சின்னது, ஆனால் மறக்காது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் கொல்கத்தா செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கிறது, அந்தக் கல் சென்னைப் பக்கத்துக் கல். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் இதே கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட் 1893 இல் அந்தச் சமாதியை நினைவில் வைத்துப் பெயர் சூட்டினார். ஒரு பாறை வகைக்கே ஒரு சமாதியிலிருந்து பெயர்.

இந்தப் பகுதிப் பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டு என்று சொன்னதும் வகுப்பில் வரும் முதல் கேள்வி, "கார்பன் டேட்டிங் பண்ணிப் பார்த்தாங்களா சார்?" இல்லை. அதில் அளப்பது கார்பன்-14, அது தானாகச் சிதைந்து பாதியாகக் குறைய 5730 ஆண்டு, 50 ஆயிரம் ஆண்டு தாண்டினால் அளக்கும்படி மிச்சம் இருக்காது. பர்கூர் பக்கம் மயிலாடும்பாறையில் இரும்பு கிடைத்த மண்ணடுக்குக்கு கி.மு. 2172 என்று காலம் கணித்து 2022 இல் தமிழக அரசு அறிவித்ததே, அந்த மாதிரி மனிதர்களின் காலத்துக்குத்தான் கார்பன் சரிப்படும். பாறைக்கு வேறு கடிகாரம் வேண்டும். ஜிர்கான் என்று ஒரு கனிமம், பாறைக்குள் மணல்துகள் அளவில் ஒளிந்திருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. ஆகவே இன்று ஒரு ஜிர்கானுக்குள் ஈயம் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருந்த யுரேனியம் சிதைந்து வந்த ஈயம். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். மீதி யுரேனியத்தையும் சேர்ந்த ஈயத்தையும் அளந்தால் வயது கிடைத்துவிடுகிறது. டைனோசர்கள் அழிந்தது 6.6 கோடி ஆண்டுக்கு முன்புதான், நம் ஊர்க் கல் அதற்கும் ஏறக்குறைய 38 மடங்கு முந்தியது.

அந்தக் கல் உருவானபோது காற்றில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. உயிர் என்றால் நுண்ணுயிர்கள் மட்டும். சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் வெளிவிட்ட ஆக்சிஜன் காற்றில் தங்கத் தொடங்கியது சுமார் 240 கோடி ஆண்டுக்கு முன்பு. அதன் அடையாளம் இன்றைக்கும் உங்கள் செருப்பில் ஒட்டும். வயல் ஓரம் கிடக்கும் ஒரு கருங்கல்லைச் சுத்தியலால் உடைத்துப் பாருங்கள், உள்ளே கருஞ்சாம்பல் நிறம், வெளி விளிம்பில் மட்டும் காவி நிறத்தில் ஒரு தோல். உள்ளே இரும்பு ஆக்சிஜனைப் பார்க்காமல் இருக்கிறது, வெளியே பார்த்துத் துருப்பிடித்துவிட்டது. அந்தத் தோல் உதிர்ந்து உதிர்ந்து சேர்ந்ததுதான் நம் செம்மண். மழை விட்டதும் ரோட்டோரம் தண்ணீர் ஓடிய தடத்தில் கறுப்பாக ஒரு மணல் கோடு ஒதுங்கி நிற்கும், பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தைக் கயிற்றில் கட்டி அதில் இழுத்தால் மயிர் முளைத்தது போல ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட், இரும்புத்தாது. காசு செலவில்லாத இந்தப் பரிசோதனையை வீட்டில் குழந்தை இருக்கும் எல்லோருக்கும் சொல்வேன்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. ஊத்தங்கரைப் பக்கம் சாமல்பட்டி இருக்கிறதே, அந்தச் சுற்றுவட்டாரத்துக் கல் ஒன்று என் பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. பார்க்க வெளுத்த, சாதாரணக் கல். அதன் பக்கத்தில் ஒரு கிரானைட் துண்டை வைத்து, இரண்டின் மீதும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒவ்வொரு சொட்டு விடுவேன். கிரானைட் சும்மா இருக்கும். சாமல்பட்டிக் கல் சோடா உடைத்த மாதிரி நுரைக்கும், "கல்லு கொதிக்குது சார்" என்று பின்பெஞ்சு வரை எழுந்து வந்துவிடும். சுண்ணாம்புக்கல் அமிலத்தில் நுரைக்கும் என்று எட்டாம் வகுப்பிலேயே படித்திருப்பார்கள், அதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் என்னவென்றால் சுண்ணாம்புக்கல் பொதுவாகக் கடலடியில் கிளிஞ்சலும் சுண்ணாம்பும் படிந்து உருவாவது, இந்தக் கல்லோ பூமிக்குள்ளிருந்து உருகிய குழம்பாக ஏறி வந்து இறுகியது. சுண்ணாம்பே எரிமலைக் குழம்பாக வந்த மாதிரி! கார்பனடைட் என்பார்கள், உலகத்தில் அரிதாகவே கிடைக்கும் பாறை. சாமல்பட்டியில் இருப்பது ஏறக்குறைய 80 கோடி ஆண்டு வயது. ஒகேனக்கல் பக்கத்துக் கார்பனடைட்டோ 240 கோடி ஆண்டு, உலகத்தில் இதுவரை வயது கணித்த மிகப் பழைய கார்பனடைட்டுகளில் ஒன்று. இன்றைக்கு இந்த மாதிரிக் குழம்பைக் கக்கிக்கொண்டிருக்கும் எரிமலை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், தான்சானியாவில் உள்ள ஓல் தோய்ன்யோ லெங்காய். அதன் குழம்பு வெறும் 500, 600 டிகிரிதான், சாதாரண எரிமலைக் குழம்பில் பாதிச் சூடு. பகலில் பார்த்தால் கறுப்புச் சேறு ஓடுவதுபோல இருக்கும், காற்றில் ஈரம் பட்டதும் வெளுத்துவிடும். ஒகேனக்கல் என்ற பெயருக்குக் கன்னடத்தில் புகையும் கல் என்று பொருள், அருவித் திவலையைப் பார்த்து வைத்த பெயர். அந்தப் பக்கத்துக் கல்லுக்குள் உண்மையிலேயே ஒரு நெருப்புக் கதை இருக்கிறது என்பதைப் பெயர் வைத்தவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

அரூர், ஊத்தங்கரைப் பட்டையில் மாலிப்டினம் தாது இருப்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த உலோகம் எங்கே வேலை செய்கிறது தெரியுமா? நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி வேரில் கடுகு மாதிரி ஒட்டியிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும், நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் அது. அதன் பாதுகாப்பில் இருக்கும் பாக்டீரியா, மாலிப்டினம் உள்ள ஒரு நொதியை வைத்துக்கொண்டு காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து உரமாக்குகிறது. உரத் தொழிற்சாலையில் அதே வேலைக்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல 150 மடங்குக்கு மேல் அழுத்தமும் வேண்டும். கடலை வேர் அதைக் கொல்லை மண்ணில் சத்தமில்லாமல் செய்கிறது.

சரி, இப்போது பல்லுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் பல கிராமங்களில் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் முன்பல்லில் காவி நிறக் கோடுகள், சுண்ணாம்பு தடவியது போல வெள்ளைத் திட்டுகள் இருப்பதைப் பார்க்கலாம். வெளியூரில் வேலைக்குப் போனால் பான்பராக் போடுகிறானா, பல் தேய்க்க மாட்டானா என்று கேட்பார்கள், அந்தப் பேச்சைக் கேட்டுத் தலை குனிந்த மாணவர்களை எனக்குத் தெரியும். காரணம் குடிதண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு, அது வருவது இவ்வளவு நேரம் நான் பேசிக்கொண்டிருந்த அதே கல்லில் இருந்து.

எப்படி என்பதில்தான் எனக்கு மிகப் பெரிய வியப்பு இருக்கிறது. பாறையில் மின்னும் கறுப்பு அபிரகம், ஹார்ன்பிளெண்டு, அபடைட் என்று சில கனிமங்கள் உண்டு. இவற்றின் அணு அமைப்பில் ஹைட்ராக்சில், அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, உட்கார ஓர் இடம் இருக்கும். ஃபுளோரைடும் கிட்டத்தட்ட அதே அளவு, அதே மின்சுமை, அதனால் அந்த நாற்காலியில் அதுவும் உட்கார்ந்துகொள்ளும். போர் தண்ணீர் பாறை இடுக்குகளில் பல ஆண்டுகள் தங்கும்போது, அதுவும் அந்தத் தண்ணீர் காரத்தன்மையோடும் கால்சியம் குறைவாகவும் இருந்தால், ஃபுளோரைடு எழுந்து தண்ணீரோடு வந்துவிடும். அதைக் குடிக்கிறோம். நம் பல்லும் எலும்பும் எதனால் ஆனவை? பெரும்பகுதி ஹைட்ராக்சி அபடைட், பாறையில் சொன்னேனே, அதே அபடைட் குடும்பம்! அங்கேயும் ஹைட்ராக்சிலுக்கு அதே மாதிரி ஒரு நாற்காலி. கல்லில் இருந்து எழுந்த ஃபுளோரைடு பல்லில் போய் உட்காருகிறது. வேதியியல் வாத்தியாராக இத்தனை வருடம் ஆகியும் இதைக் கரும்பலகையில் வரையும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

அளவோடு உட்கார்ந்தால் பல்லை உறுதியாக்கும், அதனால்தான் பேஸ்டில் சேர்க்கிறார்கள். அந்த எண்ணம் பிறந்த வழியே கறை பிடித்த பற்கள்தான். 1901 இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்குப் போன ஃபிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் அங்கே பலருக்குப் பழுப்புக் கறை இருப்பதைப் பார்த்தார், ஆனால் அந்தப் பற்களில் சொத்தை குறைவு. என்ன காரணம் என்று முப்பது வருடம் தேடினார்கள். 1931 இல்தான் சர்ச்சில் என்ற வேதியியலாளர் தண்ணீரில் ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை. அதைத் தாண்டி வருடக்கணக்கில் குடித்தால் பல் கறை, அதற்கும் மேலே போனால் மூட்டும் முதுகும் இறுகிவிடும். கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நிறைய வீட்டில் நம்புகிறார்கள். போகாது. தண்ணீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே தங்குவதால் செறிவு கூடத்தான் செய்யும். இதை மட்டுமாவது தெரிந்தவர்களுக்குச் சொல்லுங்கள்.

காவிரித் தண்ணீர் ஆற்றுத் தண்ணீர், பாறைக்குள் கிடந்து ஊறியதில்லை, அதனால் ஃபுளோரைடு குறைவு. ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013 இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது என்ற நோக்கம் இருக்கிறது. பலர் அதை வெறும் தண்ணீர்ப் பஞ்சத்துக்கான திட்டம் என்றே நினைக்கிறார்கள்.

சாப்பாட்டிலும் ஒரு செய்தி உண்டு. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவன ஆய்வாளர்கள் பள்ளிச் சிறுவர்களுக்குத் தினம் 10 கிராம் புளி 18 நாள் கொடுத்துப் பார்த்தார்கள், சிறுநீர் வழியாக வெளியேறும் ஃபுளோரைடு கூடியது. 2002 இல் வெளிவந்த ஆய்வு அது. புளிதான் மருந்து என்று இதை வைத்துச் சொல்லிவிடக் கூடாது, தண்ணீரை மாற்றுவதுதான் வழி, ஆனாலும் புளிக்குப் பேர்போன கிருஷ்ணகிரிக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். கால்சியம் குறைந்த உடம்பில் ஃபுளோரைடு இன்னும் அதிகம் கெடுதி செய்யும், அங்கே ராகி கைகொடுக்கும். 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம், அரிசியில் 10 மில்லிகிராம் அளவுதான். இதில் இன்னொரு வேடிக்கை, களியும் புளிச்சாறும் நம் மண்ணுக்கே உரியவை என்று நாம் நினைத்தாலும் இரண்டுக்கும் தாய்வீடு ஆப்பிரிக்கா. ராகி கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தில் பயிராக்கப்பட்டு இங்கே வந்தது. புளியை அரபியில் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை என்றார்கள், அந்தப் பெயரை எடுத்து லின்னேயஸ் கூடவே இண்டிகா என்றும் சேர்த்தார், ஆக ஆப்பிரிக்க மரத்தின் பெயரில் இந்தியா இரண்டு தடவை.

போன வருடம் இந்தப் பாடம் முடிந்ததும் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எல்லோரும் போன பிறகு வந்து நின்றாள். பேசும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு உண்டு, அது ஏன் என்று எனக்குத் தெரியும், கேட்டதில்லை.

"இது இனி மாறாதா சார்?"

உள்ளே படிந்தது தானாகப் போகாது, பல் மருத்துவர் மேலே கறை தெரியாமல் சரிசெய்ய முடியும், பல்லின் பலத்தைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டாம் என்று சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அக்கா பாப்பாவுக்கு இப்பதான் ஒரு வயசு சார், எங்க வீட்லதான் இருக்குது" என்றாள்.

நிலையான பல்லுக்கான எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல்பூச்சு, ஈறுக்குள்ளே பிறந்த சில மாதங்களில் இருந்து ஏறக்குறைய எட்டு வயது வரை உருவாகிக்கொண்டிருக்கும், கறை விழுவது அந்தக் காலத்தில் மட்டும்தான், முன்பல்லுக்கு முதல் இரண்டு மூன்று வருடம் மிக முக்கியம், ஆகவே இன்றைக்கே மாற்றினால் நிறையப் பலன் உண்டு என்று சொன்னேன். மறுவாரம் அவளே வந்து சொன்னாள், தெருக் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் ஒரு குடம் தனியாகப் பிடித்து மூடி வைத்திருக்கிறார்களாம், பாப்பாவுக்குக் குடிக்கவும் கஞ்சி காய்ச்சவும் மட்டும் அது. வேறு யாரும் அதில் சொம்பு விட்டால் அவள் சண்டைக்குப் போகிறாளாம்.

சொல்லும்போது வாயில் கை வைக்கவில்லை.